எங்கள் மாடி எது

எட்டு வருஷமாக
ராத்திரியில் என் அடுப்படிச் சுவருக்கு
வந்து போகிற வெளிச்சம் அது.
பால் குக்கர், எண்ணெய்த் தூக்கு, காலண்டர் முருகன்
எல்லோரையும் ஒரு தரம் தொட்டு
ஆஜர் எடுத்துக்கொண்டு
கடலுக்குத் திரும்பிவிடும்.
மரியாதைக்குக்கூட நான் ஒருநாள்
எதிர்ப்பயணம் போனதில்லை.
கலங்கரை விளக்கம் என்றால் எனக்குப்
பறக்கும் ரயிலில்
கைப்பையை மூடிக்கொண்டு எழுந்து நிற்கவேண்டிய
ஸ்டேஷன்.

கிளப்பிவிட்டவள் ஸ்டெல்லாவின் தங்கை மகள்,
திருநின்றவூரிலிருந்து லீவுக்கு வந்தவள்.
"இவ்ளோ பக்கத்துல இருந்துகிட்டு ஏறினதே இல்லியா?"
பன்னிரண்டு போர்ஷனும்
ஒரே நேரத்தில் அசடு வழிந்தது.
மோட்டார் போட்டவர் யார், நிறுத்தாதவர் யார்
என்பதைத் தவிர வேறொன்றும் பேசியிராத வாட்ஸப் குழுவில்
அன்றைக்குத்தான் எல்லோரும்
கட்டைவிரல் உயர்த்தினார்கள்.

வேதநாயகம் மட்டும் வரவில்லை. காலில் மாவுக்கட்டு.
மொட்டைமாடி ஒற்றை அறை அவருடையது.
"மேல போனதும் போன் போடுங்க,
போர்வைய ஆட்டுறேன், கண்டுபிடிங்க" என்றாராம்.
என்னிடம் சொல்லவில்லை.
தண்ணீர் லாரி வந்த ஒரு காலையில்
யார் குடம் முந்தியது என்பதில்
நாங்கள் பேசிக்கொண்டு நாலு மாசம்.

லிஃப்டில் ஏறும்போது
துரைக்கண்ணு ஆட்டோவில் போல
"இன்னும் ரெண்டு பேர் உக்காரலாம்" என்றார்.
மேலே,
காற்று முதலில் பத்மாசனியின் கண்ணாடியைக் கேட்டது,
அப்புறம் ரெஹானின் தொப்பியை.
கடலை யாரும் ரொம்ப நேரம் பார்க்கவில்லை.
அது எங்கே போய்விடப் போகிறது.
கம்பியைச் சுற்றி ஒவ்வொருவராக நகர்ந்து
மேற்குப் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டார்கள்:
எங்கள் மாடி எது?

மற்றவர்கள் போனெல்லாம்
படமெடுத்தே உயிரை விட்டிருந்தன.
மிச்சம் என்னுடையது.
எண்ணைத் தேடி அழுத்தினேன்.
"சார், நான்தான், முதல் மாடி மரகதவல்லி."
கொஞ்ச நேரம் காற்று மட்டும் பேசியது. யார் பக்கத்துக் காற்றோ.
"டாங்க் பக்கத்துல நிக்கிறேன்மா."
மயிலாப்பூர் முழுக்கக் கறுப்பு டாங்க்.
"கோயிலுக்கு இடது கைப் பக்கம் பாருங்க."
"உங்க இடதா சார், எங்க இடதா?"

"அதோ!" என்று கத்தினான் ரெஹான்.
அதோதான்.
கட்டைவிரல் நகம் அளவு ஒரு மாடியில்
நீலமாய் ஒன்று எழும்பி எழும்பி அடங்கியது.
கை வலிக்க ஆட்டினோம். விசிலடித்தோம்.
முன்பின் தெரியாத ஒரு குடும்பமும் சேர்ந்து ஆட்டியது.
"தெரியுது சார், நீலப் போர்வை!"
"நீலமா?
என்னுது ரோஸும்மா."

அப்படியானால் அது யார்?
அதற்கும் இந்தப் பக்கம் வெள்ளையாய் ஒன்று அசைந்தது.
இரண்டு தெரு தாண்டி மஞ்சளாய் இன்னொன்று.
துணி உதறுகிறவர்களாக இருக்கலாம்.
இல்லை, எங்களைப் பார்த்துத்தானோ.
ஸ்டெல்லா மூன்று மாடிகளுக்கும்
தனித்தனியாகக் கையசைத்தாள்,
யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று.

ரோஸை நாங்கள் கடைசிவரை பார்க்கவில்லை.
நேரமாச்சு என்று இறக்கிவிட்டார்கள்.
மணலில் மிளகாய் பஜ்ஜி தின்றோம்,
ஒரு பொட்டலம் தனியாகக் கட்டச் சொன்னோம்.
அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை
எப்படியோ என் கைக்கு வந்து சேர்ந்தது.
நாற்காலியில் உட்கார்ந்தபடியே
தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.
போர்வை மடியில்.
"தெரிஞ்சுதா?"
"பளிச்னு தெரிஞ்சுது சார்."

இப்போதெல்லாம்
ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட
மாடிக்குப் போனால்
கிழக்கே திரும்பி நின்றுதான் உதறுகிறேன்.
தண்ணீர் சொட்டு மொத்தமும் போன பிறகும்
இரண்டு தரம் கூடுதலாக.